மாமாவின் முகம் திரும்பிய பக்கம்

அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்த என் தாய்மாமன் அம்மாவுக்கு நைலக்ஸ் சேலையும் அப்பாவுக்கு நாள் காட்டும் கைக்கடிகாரமும் கொண்டுவந்தார். எனக்கு ஒரு பந்து. அதுவாவது உருண்டையாக இருந்திருக்கலாம். இரண்டு முனையும் கூம்பி, வயிற்றில் பூட்ஸ் கயிறு கட்டி, பழுத்த பப்பாளியை யாரோ தோல் போட்டுத் தைத்துவைத்தது போல இருந்தது.

“அவ்வளவு தூரம் போயிட்டு இந்தச் சவத்துப் பந்தையா தூக்கிட்டு வந்தே?” என்றாள் அம்மா.

“அங்க இதுதாங்க்கா ஃபுட்பால்.”

“இதைப் போயி எப்படி உதைக்க?”

“உதைக்கது கம்மி. கையாலதான் எறிவாங்க.”

“பொறவு எதுக்கு அப்படிப் பேரு?” என்றாள் அம்மா. மாமா பந்தை என் பக்கம் தள்ளிவிட்டார். அம்மாவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அப்பாவுக்கு வேலை. அதன் குடியிருப்பில் வீடு. ஐதராபாத்துக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அம்மாவின் பேச்சு மட்டும் ஊரைவிட்டு ரயிலேறவில்லை. நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வேன், தெலுங்கில் திட்டினால் ஹிந்தியில் அழுவேன். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு சொந்தபந்தத்தில் எப்படித் தலைகாட்டுவது என்பது அம்மாவின் நிரந்தரக் குறை.

அவளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அது மாமா. ரசாயனம் படிக்கப் போன தம்பி அங்கேயே தங்கிவிடுவானோ என்று அவளுக்குப் பயம். வந்தவனை இனி விடுவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு எம்.ஏ. படித்த பெண் இருந்தாள். ஒரே பெண், கடல் தாண்டி அனுப்பமாட்டார்கள். இந்தச் சம்பந்தம் முடிந்தால் மாமா இங்கேயே இருப்பார். அப்பாவின் ஆராய்ச்சிக்கூடத்திலேயே ஓர் இடத்துக்குச் சொல்லியும் வைத்தாகிவிட்டது. முடியாவிட்டால் மறுபடி விமானம் ஏறிவிடுவார். அம்மா ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும் என்பதால் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

மாமா இருக்கவேண்டும் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை. என்னைப் பார்த்ததும் வாய்ப்பாடு கேட்காத ஒரே பெரியவர் அவர். அவர் பெட்டியைத் தொட்டாலே, கிளம்புகிறாரோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாமா, “நல்ல பொண்ணுதான்” என்றார். அம்மா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

பந்துக்கு வருகிறேன். குடியிருப்புக்குப் பின்னால் செம்மண் மைதானம். ஒரு முனையில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பாறை. மறு முனையை ஒட்டிப் பஸ் ஸ்டாப்புக்குப் போகும் சாலை. அங்கேதான் மாமா எங்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்காவில் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து அமுக்குவார்களாம். எங்கள் மைதானத்தில் விழுந்தால் முட்டி மிஞ்சாது. அதனால் மாமா ஒரு மாற்றம் செய்தார்: எல்லோரும் இடுப்பில் ஒரு கைக்குட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும், பந்து வைத்திருப்பவரின் கைக்குட்டையை உருவிவிட்டால் ஆட்டம் அங்கே நிற்கும். பந்தை எறிகிறவர் நடுவில் நிற்பார். மற்றவர்கள் எதிராளியின் எல்லையைப் பார்த்து ஓடுவார்கள். அவர்களில் ஒருவர் கையில் பந்து போய்ச் சேரவேண்டும்.

எறிகிறவள் நான். புளியம்பழம் அடித்துப் பழகிய கை என்பது ஒரு காரணம். பந்து எங்கள் வீட்டுப் பந்து என்பது அதைவிட முக்கியமான காரணம். ஒரு பெண் எறிவதா என்று பையன்கள் முறுக்கிக்கொண்டபோது, எங்களில் வேகமாக ஓடுகிற சலீம்தான் வழக்கைத் தீர்த்தான்.

“கைக்கு லடுரே? பால் உஸ்கா, ஹாத் பீ உஸ்கா” என்றான். எதற்குச் சண்டை, பந்தும் அவளுடையது, கையும் அவளுடையது. பையன்கள் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

மாமா அந்த ஆட்டத்தை வாழ்நாளில் ஒருமுறைகூட ஆடியதில்லை என்பது மெல்லத்தான் தெரிந்தது. கல்லூரி மைதானத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. அவர் எறிந்தால் பந்து கழுத்தறுத்த கோழி மாதிரி பறக்கும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பார்த்ததையெல்லாம் நன்றாகப் பார்த்திருந்தார். “ஏட்டி, ஆளைப் பாத்து எறியாத. ஆளு போகப்போற இடத்தைப் பாத்து எறி” என்பார். அப்படி எறிந்தேன். பந்து போய் இறங்கும் இடத்துக்குச் சலீம் எப்படியோ வந்து சேர்ந்துவிடுவான்.

பக்கத்துப் பேட்டையான ஹப்சிகுடாவின் பையன்கள் வேலியோரம் நின்று நாலு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, மேட்ச் போடலாம் என்று வந்தார்கள். நர்சிங் என்பவன் அவர்களுக்குத் தலைவன். எங்களைவிட ஒரு தலை உயரம். அப்போதே மீசை அரும்பியிருந்தது. முதல் மேட்சில் அவன் தன் ஆட்களிடம் ஆளுக்கொருவரை ஒப்படைத்தான். அவரவர் ஆளை விடாமல் துரத்தவேண்டும். இதற்கு மேன் டு மேன் என்று பெயர் என்றார் மாமா. எங்கள் குடியிருப்பில் ஒரு கூர்க்கா இருந்தான்; கொய்யா பறித்தவனைப் பார்த்துவிட்டால் வீட்டு வாசல் வரை விரட்டிக்கொண்டு வருவான். அதே கதைதான். விரட்டுகிறவனைவிட வேகமாக ஓடத்தெரிந்தால் போதும். சலீமுக்குத் தெரியும். நேராக ஓடச்சொல்லி அவனுக்கு முன்னால் எறிந்தேன், ஜெயித்தோம்.

நர்சிங் மடையன் இல்லை. அடுத்த மேட்சில் அவன் ஆட்கள் யாரையும் துரத்தவில்லை. மைதானத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு அவரவர் இடத்தில் நின்றார்கள். இது ஜோன். எங்கள் குடியிருப்பில் பம்ப் ஹவுஸ் அருகே இன்னொரு காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கண்ணெதிரே யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அசையமாட்டார். ஆனால் அவர் ஸ்டூலைச் சுற்றி ஒரு சுள்ளி எடுக்க முடியாது. இந்தப் பையன்களும் அப்படி நின்றார்கள். நான் பழைய ஞாபகத்தில் சலீமுக்குத் தூரமாக எறிந்துகொண்டே இருந்தேன். எறிந்த பந்தெல்லாம் அங்கே காத்துக்கொண்டு நின்ற நர்சிங் மடியில் போய் விழுந்தது. போதாக்குறைக்கு இரண்டு தடவை எல்லோருமாகச் சேர்ந்து என்மேலேயே பாய்ந்து கைக்குட்டையை உருவிவிட்டார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அன்று சாயங்காலம் பின்வாசல் படியில் அரிசி, உளுந்து, துவரம்பருப்பு எல்லாம் பரப்பி மாமா எனக்கு விளக்கினார். பாய்ந்து வந்தால் அவர்கள் விட்டுவிட்டு வந்த இடம் காலி, சட்டென்று அங்கே பக்கத்தில் எறி. மேன் டு மேன் என்றால் தூரமாக, சலீமுக்கு முன்னால். ஜோன் என்றால் தூரம் வேண்டாம், இரண்டு பேர் பங்குக்கு நடுவே இருக்கிற சந்தில் போய் ஒருவன் நிற்கட்டும், அவன் மார்புக்கு எறி.

“எதுன்னு எப்படித் தெரியும்?”

“பந்தை எடுக்கதுக்கு முந்தி சலீமை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குச் சும்மா நடக்கச் சொல்லு. அவன்கூடவே ஒருத்தன் நகந்தான்னா மேன் டு மேன். ஒருத்தனும் அசையலேன்னா ஜோன்.”

இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பை என் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆள் ஒருவர் குறுக்கே நடந்தால், கூடவே நகர்கிறவன் யார் என்று பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். பருப்பைக் கொட்டியதற்கு அம்மா இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

ஆனால் ஹப்சிகுடாக்காரர்கள் அதையும் வேவு பார்த்துவிட்டார்கள். சலீம் நடந்தால் ஒருவன் பொய்யாக நாலு அடி கூடவே நடந்து ஏமாற்ற ஆரம்பித்தான். அதனால் மூன்றாவது மேட்சுக்கு மாமா ஓர் ஏற்பாடு செய்தார். அவர்களுக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் அவர் நிற்பார். மேலேயிருந்து பார்த்தால் யார் நிஜமாக நகர்கிறான், யார் பாசாங்கு செய்கிறான் என்று தெரியும். கையைக் காட்டினால் அந்தப் பயல்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே, “என் முகத்தைப் பாரு. சலீம்கூடவே என் முகம் திரும்பிச்சின்னா மேன் டு மேன். நேரா இருந்தா ஜோன்” என்றார். மேட்ச் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் மௌலா அலிக்காரர்கள் நாள் குறிக்க வருவதாக இருந்தது.

இந்த இடத்தில் லைப்ரரி அக்காவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஆராய்ச்சிக்கூடத்து லைப்ரரியில் வேலை பார்த்தவர். தெலுங்குக் கிறிஸ்தவர். எங்களுக்கு நாலு வரிசை தள்ளி, தன் அண்ணன் வீட்டில் இருந்தார். ஒடிசலாக, அதிகம் பேசாமல், குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். விடுமுறையில் வந்த மாமா பொழுது போகாமல் அந்த லைப்ரரியில் ரசாயனப் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு படிக்கிறவரை ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் மெச்சுகிறார்கள் என்று அப்பா சொன்னார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியாட்டி, லீவுலயும் படிக்கான்” என்று எனக்கு இடித்துக்காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா காலையிலிருந்தே அடுப்படியை விட்டு நகரவில்லை. கோதுமைப் பால் எடுத்து அல்வா கிண்டினாள். விருந்தாளிகள் ஆறு மணிக்கு வருவார்கள், அதற்குள் மாமா குளித்து வேட்டி கட்டித் தயாராக இருக்கவேண்டும் என்று உத்தரவு. “அஞ்சரைக்கெல்லாம் வந்துருதோம்க்கா” என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டு என்னோடு மைதானத்துக்கு வந்தார். வழியெல்லாம் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே வந்தார். மேட்சை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று நினைத்து, “நாம ஜெயிச்சுருவோம் மாமா” என்றேன். “ம்” என்றார்.

மாமா நன்றாகவே உதவி செய்தார். சலீம் நடப்பான், பாறைமேல் மாமாவின் முகம் நேராக இருக்கும், நான் சந்தில் எறிவேன். சலீம் நடப்பான், முகம் கூடவே திரும்பும், தூரமாக எறிவேன். எனக்கு எங்கிருந்து இவ்வளவு அறிவு வருகிறது என்று நர்சிங்குக்குப் புரியவில்லை. என்னை முறைத்து முறைத்துப் பார்த்தான். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. இருந்தாலும் அவர்கள் பலசாலிகள். ஐந்தரை தாண்டிய பிறகும் இரு பக்கமும் சமமாகவே இருந்தது. வெளிச்சம் குறைந்தது. இதுதான் கடைசி எறி என்று பேசிக்கொண்டோம்.

சலீம் இடது கோடியிலிருந்து நடந்தான். எதிரே ஒருவன் அவன்கூடவே கொஞ்சம் நடந்தான். பொய்யா நிஜமா, எனக்குத் தெரியவில்லை. பாறையைப் பார்த்தேன். மாமாவின் முகம் மெல்லத் திரும்பியது. சலீம் போகிற பக்கமே, அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, கடைசி வரை திரும்பியது. இவ்வளவு தெளிவாக அவர் ஒருநாளும் காட்டியதில்லை. மேன் டு மேன்! பந்தை வாங்கினேன். கையில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டிச் சலீமுக்கு முன்னால் தூரமாக எறிந்தேன். அங்கே நர்சிங் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தான். ஜோன். பந்தை வாங்கிக்கொண்டு எங்கள் எல்லையை நோக்கி ஓடிவந்தான். அவனைத் துரத்திக்கொண்டு சாலை வரை ஓடினேன். கைக்குட்டை என் விரலில் பட்டது, வரவில்லை.

தோற்றுப்போனோம். வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். பஸ் ஸ்டாப்பில் லைப்ரரி அக்கா வெள்ளைச் சேலையில் தனியாக நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செகந்திராபாத் சர்ச்சுக்குப் போவார். நான் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் எனக்குப் பின்னால் சாலையில் நடந்துவந்து அங்கே சேர்ந்திருக்கவேண்டும். திரும்பிப் பார்த்தேன். மாமா பாறைமேல் இன்னும் அதே பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். மேட்ச் முடிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடு வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் மௌலா அலிக்காரர்கள் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, கூட ஒரு பெரியப்பா. தட்டில் அல்வாவும் காராச்சேவும் இருந்தன. அம்மா மாமாவைக் கண்ணாலேயே உள்ளே துரத்தப் பார்த்தாள். ஆனால் பெண்ணின் அப்பா நல்ல மனிதர். செம்மண்ணும் வியர்வையுமாக நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னம்மா, மேச்சு என்னாச்சி? ஜெயிச்சாச்சா?”

“தோத்தாச்சு. மாமாவாலதான்” என்றேன்.

“ஏன், மாமா என்ன செஞ்சாவ?”

என் வாழ்க்கையில் ஒரு தெலுங்கு வார்த்தைகூடக் கலக்காமல் நான் தமிழ் பேசிய நாள் அது. வழக்கைப் பெரியவர்கள் முன்னால் எடுத்துவைப்பதென்றால் சுத்தமாக வைக்கவேண்டும் அல்லவா? “மாமா சலீமைத்தான் பாக்கணும். அதுதான் பேச்சு. சலீம் நடந்தா மாமா முகம் திரும்பும். ஆனா மாமா சலீமைப் பாக்கவே இல்ல. எனக்குப் பின்னால ரோட்டுல போன லைப்ரரி அக்காவைப் பாத்துக்கிட்டே முகத்தைத் திருப்பினாங்க. அவங்க பஸ் ஸ்டாப் போய்ச் சேர்ற வரைக்கும் திருப்பினாங்க. மேட்ச் முடிஞ்ச பொறவும் அங்கயே பாத்துக்கிட்டு நின்னாங்க. அதை நம்பி நான் எறிஞ்சேன்.”

பெரியப்பாவின் கையிலிருந்த காராச்சேவு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

“எந்த லைப்ரரி அக்கா?” என்று பெண்ணின் அம்மா கேட்டார்.

சந்தேகம் இருந்தால் தீர்த்துவைப்பது என் கடமை என்று நினைத்தேன். “ஆராய்ச்சிக்கூடத்து லைப்ரரி. மாமாவுக்கு ரொம்ப நல்லாத் தெரியும். மாமா தினமும் அங்கதானே இருக்காங்க.”

“அல்வா இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?” என்று அம்மா எழுந்தாள். அவள் குரல் என்னவோ போல் இருந்தது. அல்வா போதும் என்றார்கள். அப்பா விட்டத்தைப் பார்த்தார். “ஏட்டி, உள்ள போயி மூஞ்சியைக் கழுவு” என்று அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் கழுவிவிட்டு வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். நாள் குறிக்கவில்லை. காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

மாமா பின்வாசல் படியில் உட்கார்ந்து கான்வாஸ் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என் ஆத்திரம் அடங்கவில்லை. எதிரே போய் நின்றேன்.

“நீங்க மேன் டு மேன்னு காட்டினீங்க. அது ஜோன்.”

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது.

“இல்லட்டி. அது மேன் டு மேன்தான். நீ சரியாத்தான் பாத்திருக்க” என்றார்.

தன் தப்பை ஒப்புக்கொள்ளக்கூட மனமில்லாத மனிதர் என்று அன்று அவர்மேல் எனக்கிருந்த மரியாதையில் பாதி போய்விட்டது. சுற்றிலும் அசையாமல் நின்ற பையன்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், இவர் மேன் டு மேன் என்கிறார். பார்த்துத் தெரிந்துகொண்டவருக்கும் ஆடித் தெரிந்துகொண்டவளுக்கும் இதுதான் வித்தியாசம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரமே மாமா விமானம் பிடிக்கிற ஊருக்கு ரயிலில் கிளம்பிவிட்டார். அம்மா ரயில்வே ஸ்டேஷனுக்கு வரவில்லை. நான் பிளாட்பாரத்தில் நின்று அழுதேன். மேட்சில் தோற்ற கோபத்தில்தான் அவர் போகிறார் என்றும், அந்தக் கடைசி எறியைக் கொஞ்சம் யோசித்து எறிந்திருந்தால் இருந்திருப்பார் என்றும் நம்பினேன். பந்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். ஆனால் அதற்குக் காற்றடிக்கிற ஊசி அவர் பெட்டியோடு போய்விட்டது. மழைக்காலம் முடிவதற்குள் பந்து சூம்பிப்போய்ப் பரண்மேல் ஏறியது. சலீமும் மற்றவர்களும் கிரிக்கெட்டுக்குப் போனார்கள். அங்கே என்னைப் பந்து பொறுக்கக்கூடச் சேர்க்கவில்லை, மட்டை எங்கள் வீட்டு மட்டை இல்லை.

வீட்டில் மாமாவின் பேச்சே எழவில்லை. ஒருநாள் காலை அப்பா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், தண்ணீர் வராது என்று சொல்கிற குரலில் சொன்னார்: “லைப்ரரியில இருந்த அந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டா. அமெரிக்கா போறாளாம்.”

அம்மா தோசைக்கல்லைப் பார்த்தபடி நின்றாள். எனக்கானால் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

“அப்ப மாமாவைப் பாத்தா அந்த ஊசியை அனுப்பச் சொல்லச் சொல்லுங்கப்பா!”

தோசை கருகுகிற வாசனை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய தேசத்தில் இவர்கள் இரண்டு பேரும் எங்கே சந்திக்கப் போகிறார்கள், ஊசி எங்கே வந்து சேரப்போகிறது என்று அவள் கவலைப்படுவதாக நினைத்தேன். அவளுக்கு எப்படியாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

“கவலப்படாதம்மா. அந்த அக்கா ரோட்டுல நடந்து போனாங்கன்னா போதும், மாமா எப்படியும் பாத்துருவாங்க” என்றேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஊசி போனது எனக்கு. இவள் எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் நான் தட்டை வைத்துக்கொண்டு அடுத்த தோசைக்காக நின்றேன்.